மெரினாவா, மாமல்லபுரமா? கலங்கரை விளக்கம் ஏறவும் மீன் சாப்பிடவும்

கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்கா குடும்பத்துக்குப் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றைக் காட்ட வேண்டும், அப்படியே நல்ல கடல் மீனும் சாப்பிட வைக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்கு இரண்டு வழி உண்டு: ஒன்று மெரினா, இன்னொன்று மாமல்லபுரம். நாங்கள் மாமல்லபுரம் போனோம். நான் இரண்டிலும் ஏறியிருக்கிறேன், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

தூரத்தில் மெரினாதான் வசதி. நகரப் பேருந்திலேயே போய் இறங்கலாம். மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர் போக வேண்டும். நுழைவுக் கட்டணம் இரண்டிலும் கொஞ்சம்தான்.

மெரினாவின் பெரிய பலம் லிஃப்ட். ஒன்பதாவது மாடி வரை கால் வலிக்காமல் போய்விடலாம். வடக்கே மணற்பரப்பு முழுக்கத் தெரியும், தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம். முழங்கால் வலிக்காரர்கள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், மெரினாவுக்கே போங்கள்.

ஆனால் பழைமையைப் பார்க்கத்தான் கிளம்புகிறோம் என்றால் விஷயம் வேறு. மெரினாவில் நாம் ஏறுவது 1977-ல் வந்த கான்கிரீட் கோபுரம். சென்னையின் பழைய விளக்குகள் எல்லாம் வடக்கே இருக்கின்றன. 1796-ல் முதல் விளக்கு எரிந்தது புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில். 1844-ல் அதற்குப் பதிலாக வந்த கருங்கல் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894-ல் விளக்கு நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்துக்கே ஏறிவிட்டது. அந்தத் தூணையும் கோபுரத்தையும் பாரிமுனைப் பக்கம் போனால் பார்க்கலாம், ஆனால் நினைத்த நேரத்தில் போய் ஏற முடியாது. ஆக, சென்னையில் வரலாறு ஒரு பக்கம், நாம் ஏறும் படி இன்னொரு பக்கம்.

மாமல்லபுரத்தில் இரண்டும் ஒரே பாறையில் இருக்கின்றன. என் முடிவுக்கு இது ஒன்றுதான் காரணம். அங்கே கீழே மகிஷாசுரமர்த்தினி குகை, அதன் தலைக்கு மேலே எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கோயிலான ஒலக்கண்ணேஸ்வரர், பக்கத்திலேயே 1904 முதல் எரியும் கல் கோபுரம். இந்தக் கோபுரம் வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் அந்தக் கோயிலின் கூரைமேல்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். இன்றைய விளக்கின் பால்கனியில் நின்று குனிந்தால் பழைய விளக்கு இருந்த கூரை காலடியில் தெரிகிறது. கடலில் இருப்பவனுக்கு இந்தக் குன்றுதான் அடையாளம் என்பது கிழக்கே கடற்கரைக் கோயிலையும் தெற்கே கல்பாக்கம் வரைக்கும் நீளும் கரையையும் பார்க்கும்போது தானாகப் புரிகிறது. யாரும் விளக்க வேண்டியதில்லை. அக்கா பையன் பள்ளிக்கூடத்தில் பல்லவர்களை மனப்பாடம் செய்தவன். ‘இந்தக் கோயிலையா மாமா லைட்ஹவுஸா வெச்சிருந்தாங்க?’ என்று அவன் கேட்டது அந்தப் பால்கனியில்தான்.

படியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சுருள் படி, குறுகலானது. எதிரே ஆள் இறங்கினால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கடைசி ஏற்றம் செங்குத்து, பால்கனிக்குப் போகும் வாசலில் நன்றாகக் குனிந்துதான் நுழைய முடியும். அக்காவின் மாமியார் கீழிருந்து பார்த்துவிட்டு, ‘நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்’ என்று சொல்லிவிட்டார். நாங்கள் இறங்கி வரும்வரை குகைச் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சிங்கத்தின் மேல் வில்லை வளைத்து வரும் துர்க்கை, கதாயுதத்தோடு பின்வாங்கிச் சாயும் எருமைத் தலையன். ஏறாதவருக்கும் இப்படி ஒன்று கிடைப்பது அங்கேதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் என்றால் மெரினாதான், சந்தேகமே இல்லை. மாலையில் இறங்கினால் கீழே பஜ்ஜியும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் காத்திருக்கும், கொஞ்சம் நடந்தால் மயிலாப்பூர் டிபன். மீன் என்றால் மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெரு. அன்று வந்த மீனைத் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். எடையையும் விலையையும் மீன் அடுப்புக்குப் போகும் முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் சங்கரா எடுத்தோம், பாதி வறுவல், பாதி குழம்பு. பூண்டு வெண்ணெய் போட்டு வாட்டித் தருவதைவிட நம் மிளகாய் மசாலாதான் அந்த மீனுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. இறாலும் நன்றாக இருந்தது. நண்டு நான் அங்கே சாப்பிட்டதில்லை, ரிசார்ட்டுகளுக்குள்ளும் போனதில்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

மாதத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் தட்டுக்கு வரும், வஞ்சிரம் கேட்டால் விலை எகிறும். அந்த இரண்டு மாதமும் வெயிலும் சேர்ந்துகொள்வதால் பாறையும் சுடும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். காலையிலேயே ஏறி இறங்கிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஒத்தவாடைத் தெருவில் இடமும் கிடைக்கும்.