லாக் ஆ ஏரிக்கரை காட்டேஜ்: பேங்க்கில் நேராகப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஸ்காட்லாந்தில் ஏரிக்கரையில் ஒரு காட்டேஜ் எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம் தங்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். போன ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் ஏமாந்துவிட்டோம். பணம் போனது ஒரு பக்கம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு ராத்திரி முழுக்கப் புகை வாடையில் தூங்கவிடாமல் வைத்திருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் சமையலறையோடு வீடு தேடினோம். ஆர்கைல் பக்கம் லாக் ஆ என்று ஓர் ஏரி, 41 கிலோமீட்டர் நீளம். ஸ்காட்லாந்தின் நன்னீர் ஏரிகளில் இதுதான் மிக நீளமானது. அதன் வடக்குக் கரையில் ஒரு காட்டேஜ் கண்ணில் பட்டது. பெரிய புக்கிங் தளம் எதிலும் இல்லை, உரிமையாளர் தானே போட்டிருந்த விளம்பரம். வாரத்துக்கு 840 பவுண்டு. கிரெடிட் கார்டு வேண்டாம், பேங்க்கில் நேராகப் போட்டால் 760 போதும் என்றார். டெபாசிட் 250 தனி. 80 பவுண்டு மிச்சமாகிறதே என்று மொத்தமாக அனுப்பிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

‘ஏரிக்கரை’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தால் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் முதலில் ஏ85 நெடுஞ்சாலை, அதைத் தாண்டி ஓபன் ஊருக்குப் போகும் ரயில் பாதை. மாடி ஜன்னலில் நின்று கேமராவை உயர்த்திப் பிடித்து எடுத்த படம் அது. கீழே நின்றால் லாரிதான் தெரியும். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. அதனால் தண்ணீரைத் தொட வேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் இரண்டு நிமிடம் பார்த்திருந்தாலே எல்லாம் தெரிந்திருக்கும். அந்தக் கரையில் சாலையும் தண்டவாளமும் ஏரியை ஒட்டியேதான் போகின்றன.

சரி, வந்தாயிற்று, இருப்போம் என்று சாமானை இறக்கினோம். சுவரில் ஈரம். அலமாரியைத் திறந்தால் நனைந்த துணி வாடை. ஹீட்டர் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. ஏப்ரல் மாதம் என்றாலும் அங்கே ராத்திரிக் குளிர் கடுமை. விறகடுப்பு இருந்தது. கூடையில் விறகும் இருந்தது, ஆனால் கையில் எடுத்தால் ஈரக் கனம். பற்றவைத்த கால் மணி நேரத்தில் கூடம் முழுக்கப் புகை. “கண்ணு எரியுதுப்பா, அணைச்சிடு” என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இவ்வளவு புகைக்கும் ஒரு அலாரம்கூட அடிக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கூரையில் வெள்ளைத் தட்டு மட்டும் இருந்தது. அதில் மாட்டியிருக்க வேண்டிய அலாரம் இல்லை, இரண்டு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் எங்குமே இல்லை.

இதை வசதிக் குறைவு என்று விட முடியாது. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீட்டிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்களும், சமையலறையில் வெப்ப அலாரமும் இருக்க வேண்டும். விறகோ நிலக்கரியோ எரியும் அடுப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். அந்த விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குழந்தைகளும் அம்மாவும் தூங்கும் வீட்டில் அலாரம் இல்லாமல் அந்த அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லோரும் கோட்டோடு படுத்தோம். போன் செய்தால் உரிமையாளர் எடுக்கவில்லை. மறுநாள் ஓபனுக்குப் போய் முதல் வேலையாக ஒரு அலாரம் வாங்கினேன். அதற்குப் பிறகும் அந்த அடுப்பைத் தொடவில்லை.

மேசையில் வீட்டு விதிகள் என்று ஒரு ஃபைல் இருந்தது. அதில் ஒரு வரி: கரையில் நடக்க அனுமதிச்சீட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 பவுண்டு. நாங்கள் முதல் நாள் கொடுக்கத் தயாராகவே இருந்தோம். நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர்தான் தடுத்தார். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்திலும் நீர்நிலையிலும் பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் போய்வரலாம். ஒருவர் வீட்டை ஒட்டிய தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவைதான் விலக்கு. மீன்பிடிக்க அனுமதி தனியாக வாங்க வேண்டும், அது உண்மை. ஆனால் சும்மா நடப்பதற்கு யாரும் காசு கேட்க முடியாது.

அந்த ஊர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரியின் வடகிழக்கு முனையில் கில்கர்ன் கோட்டை இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்ப்பெல் குடும்பத்தார் கட்டியது. ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து ஈரப் புல்வெளியில் நடந்து போக வேண்டும். காலையில் காற்றில்லாத நேரம் பார்த்தால் கோட்டை அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். பக்கத்திலேயே செயின்ட் கோனன் தேவாலயம். அதைக் கட்டிய வால்டர் கேம்ப்பெல், டால்மாலி ஊர்த் தேவாலயம் வரைக்கும் போய்வர முடியாத தன் அம்மாவுக்காகவே தொடங்கினார் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் எங்கள் அம்மா அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அதே கரையில் இருக்கும் க்ரூவகன் மலையைக் குடைந்து உள்ளே ஒரு நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள், 1965இல் திறந்தது. ஒரு வாரம் பத்தாது, அவ்வளவு இருக்கிறது. அந்த வீடு மட்டும் சரியாக இருந்திருந்தால்!

திரும்பி வந்த பிறகு டெபாசிட்டைக் கேட்டேன். அடுப்புக் கண்ணாடி கறுத்துவிட்டது, கூடுதல் சுத்தம், கூடுதல் மின்சாரம் என்று கணக்குப் போட்டு 250ஐயும் பிடித்துக்கொண்டார். பேங்க்கில் முறையிட்டேன். வீடு நிஜமாகவே இருந்தது, நீங்கள் தங்கவும் செய்தீர்கள், ஆகவே இது மோசடி இல்லை, உங்கள் இருவருக்குமான தகராறு என்று சொல்லிவிட்டார்கள். மோசடியில் ஏமாந்து அனுப்பிய பணத்தை பேங்க் திருப்பித் தரும் விதி 2024 அக்டோபரில் வந்தது. ஆனால் இந்த மாதிரி தகராறுக்கு அது பொருந்தாது. கிரெடிட் கார்டில் நேராக உரிமையாளருக்குக் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள எதற்கும் அது உண்டு. தள்ளுபடி என்று அவர் கொடுத்த 80 பவுண்டில் அந்த உரிமையைத்தான் விற்றிருக்கிறேன்.

அப்புறம்தான் உரிமம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. ஸ்காட்லாந்தில் இப்படி வாடகைக்கு விடும் வீடுகளுக்குக் உள்ளாட்சிக் கவுன்சிலின் உரிமம் இருக்க வேண்டும். விளம்பரத்திலேயே உரிம எண்ணைப் போட வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2,500 பவுண்டு வரை அபராதம். கவுன்சில் இணையதளத்தில் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். நான் தேடினேன், அந்த வீடு அதில் இல்லை.

நீங்கள் புக் செய்யும் முன் உரிம எண்ணைக் கேளுங்கள், பதிவேட்டில் முகவரியோடு ஒத்துப் பாருங்கள். எண் தர இழுத்தடித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். போய் இறங்கியதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள், அலாரத்தை அழுத்திப் பாருங்கள். பழுதாக இருப்பதையெல்லாம் அன்றைக்கே படமெடுத்து அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நான் அந்த ராத்திரி எடுத்த தொங்கும் ஒயர் படம் ஒன்றுதான் இப்போது எனக்கு ஆதாரம்.

கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். டெபாசிட்டுக்காக ஷெரிஃப் கோர்ட் என்ற உள்ளூர் நீதிமன்றத்தில் சிம்பிள் ப்ரொசீஜர் முறையில் வழக்குப் போடுகிறேன், 5,000 பவுண்டு வரையிலான தொகைக்கு வக்கீல் இல்லாமலே போடலாம். நேற்றுப் பார்த்தேன், அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. அதே மாடி ஜன்னல் படம், கோடைக்கு வாரம் 1,100 பவுண்டு. உரிம எண் இன்னும் போடவில்லை.