வில்லையா, பம்பா?

புற்றுநோய் மருந்தைக் கட்டி இருக்கும் இடத்திலேயே கொடுக்க இரண்டு வழிகளை ஒப்பிடுகிறேன். மூளைக் கட்டியை அகற்றியதும் அந்தக் குழிக்குள் கார்மஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கொண்ட வில்லைகளைப் பதிப்பார்கள், ஒவ்வொன்றிலும் 7.7 மி.கி., அதிகபட்சம் 8 வில்லைகள். அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது. ரத்தத்திலிருந்து பல மருந்துகளை மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டும் சிக்கலே இல்லை. ஆனால் வைத்தது வைத்ததுதான். மூளை வீங்கினாலும் வலிப்பு வந்தாலும், மண்டையை மறுபடி திறந்தாலொழிய மருந்தை நிறுத்த வழியில்லை.

கல்லீரலுக்குப் போகும் தமனிக்குள் மருந்தைச் செலுத்தும் கல்லீரல் தமனி பம்பு வேறு ரகம். வயிற்றுத் தோலுக்கடியில் இருக்கும். இரண்டு வாரத்துக்கொரு முறை ஊசியால் நிரப்புவார்கள். கல்லீரலில் பரவிய கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்பவை, நல்ல திசுவுக்கோ குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைதான் முக்கியம். அதனால் மருந்து கட்டியை நேராகத் தாக்கும். பித்தநாளம் பாதிக்கப்பட்டால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தலாம். இந்தக் கட்டுப்பாட்டுக்காகவே பம்பின் அமைப்பு எனக்கு மேலாகப் படுகிறது. நிரப்பத் தெரிந்த மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் அது சரிவராது.