காப்புரிமையைத் திறந்துவிடுவதா, உரிமம் கொடுப்பதா?

காப்புரிமையை (பேட்டன்ட்) நாலு பேருக்கு உதவும்படி பயன்படுத்த நினைக்கும் நிறுவனத்துக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, எல்லாருக்கும் திறந்துவிடுவது. 1959இல் வால்வோ பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டை மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. பேரம் கிடையாது, ராயல்டி கிடையாது. பெல்ட்டைப் பார்த்தாலே செய்துவிடலாம் என்பதால் அது பலித்தது.

மருந்து விஷயத்தில் கதை வேறு. கொரோனா காலம் முடியும்வரை காப்புரிமை வழக்குப் போடமாட்டோம் என்று 2020 அக்டோபரில் அமெரிக்கத் தடுப்பூசி நிறுவனமான மாடர்னா அறிவித்தது. சரி, ஆனால் செய்முறை? அதைப் பகிராததால், தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிஜென் நிறுவனம் பொதுவெளியில் கிடைத்த தகவலை வைத்துத் தானே தடுப்பூசியை உருவாக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வழி, நிபந்தனையோடு உரிமம் தருவது. 2010இல் சர்வதேச சுகாதார அமைப்பான யுனிட்எய்ட் தொடங்கிய மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு இதற்கென்றே இருக்கிறது. நிறுவனம் அதனிடம் உரிமம் தரும். அது, அதே மருந்தை மலிவாகச் செய்யும் பல ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குத் துணை உரிமம் வழங்கும். எந்தெந்த நாடுகளில் விற்கலாம், தரச் சான்று என்ன என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும். எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிர் 2014இல் இப்படித்தான் உள்ளே வந்தது. போட்டியில் விலை இறங்கும்.

குறை அந்த நாட்டுப் பட்டியலில்தான். ஃபைசரின் கொரோனா மருந்தான பாக்ஸ்லோவிட்டின் உரிமம் 95 நாடுகளுக்குப் பொருந்தியது. பிரேசில் அதில் இல்லை.

என் கணக்கில், பார்த்துச் செய்யக்கூடிய பொருளுக்கு முதல் வழி போதும். மருந்து, தடுப்பூசி என்றால் உரிமம்தான் சரி, செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தால்.