வண்டி ஸ்பீக்கரில் கொய்ங் சத்தம்: ஐசொலேட்டரா, ஃபில்டரா, எர்த்தா?

வத்தலக்குண்டு தாண்டி கோடைக்கானல் மலைப்பாதை ஏற ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு 'கொய்ங்' கூடவே ஏறும், கியர் மாற்றினால் இறங்கும், அடுத்த வளைவில் மறுபடி ஏறும். கீழே நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது இது அவ்வளவாகக் காதில் உறைக்காது. மலையில் இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று மாற்றிக்கொண்டே இருப்பதால் பாட்டை ஓரம் தள்ளிவிட்டு இதுதான் முன்னால் வந்து நிற்கும். கடையில் கேட்டால் மூன்று வைத்தியம் சொல்வார்கள்: ஆர்.சி.ஏ வயரில் (ஸ்டீரியோ செட்டிலிருந்து ஆம்புக்கு, அதாவது ஆம்பிளிஃபயருக்கு, பாட்டு போகும் வயர்) கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வளையத்தை அறுக்கும் டப்பா) போடுவது, பவர் வயரில் நாய்ஸ் ஃபில்டர் போடுவது, எர்த்தை, அதாவது வண்டி பாடியில் கொடுக்கும் நெகட்டிவ் இணைப்பை, பிரித்து ஒழுங்காகக் கட்டுவது. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான், ஒரே ஒரு இடம் தவிர.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டர் (நம் மெக்கானிக்குகளுக்கு இன்னும் டைனமோதான்) ஏ.சி மின்சாரம் தயாரிக்கிறது, உள்ளே இருக்கும் டையோடுகள் அதை டி.சி ஆக்குகின்றன, ஆனால் கொஞ்சம் அலை மிச்சம் இருக்கும். இன்ஜின் வேகத்தோடு அதன் சுருதியும் கூடும். ஐடிலிலேயே ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துவிடும், அதாவது காதுக்கு நன்றாகவே கேட்கிற இடம். இந்த அலை எல்லா வண்டியிலும் உண்டு. செட்டின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் பாடியைத் தொட்டு, இரண்டுக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், அது ஆர்.சி.ஏ வயரின் வெளிப்பின்னல் வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது. பெருமாள்மலைப் பக்கம் மூடுபனியில் ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், கண்ணாடிக்கு புளோயர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது சத்தம் கூடினால், எர்த் மேல் சந்தேகம் வலுக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஐசொலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். சிக்னல் காந்தப்புலம் வழியாகத் தாண்டும், எர்த் தொடர்பு அறுந்துவிடும், கொய்ங் நின்றுவிடும். சில நூறு ரூபாய், அஞ்சு நிமிஷ வேலை, அதனால் கடைக்காரருக்குப் பிடித்த வைத்தியமும் இதுதான். ஆனால் மலிவான ஐசொலேட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் கோர் ரொம்பச் சின்னது, தாழ்ந்த பேஸ் வந்தால் திணறும். ஊஃபருக்குக் காசு கொட்டிவிட்டு அதன் கழுத்திலேயே இதைக் கட்டுவது எனக்கு ஒப்பாது. நான் சொன்ன அந்த ஒரே இடம் எது என்றால், போனை சார்ஜரில் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்பது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக ஒரு எர்த் என்று வளையம் அங்கேயே உருவாகிறது, பாடியில் எந்த போல்ட்டைத் திருகினாலும் அது போகாது. அங்கே ஐசொலேட்டர் போடலாம், அல்லது ப்ளூடூத்துக்கு மாறலாம்.

பவர் ஃபில்டர் மூன்றிலும் கடைசி. சோக் காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்தது, பாசிட்டிவ் வயரில் வரும் அலையைத்தான் தடுக்கும், எர்த் வழியாக வருவதை அல்ல. 10 ஆம்பியர் ஃபில்டர் செட்டுக்குச் சரி, பெரிய ஆம்புக்கு மாட்டினால் சூடாகும். இதை வாங்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். அரை வோல்ட் பக்கம் காட்டினால் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சரி பண்ணாமல் ஃபில்டர் போட்டு மூடினால் ஒருநாள் பேட்டரி சார்ஜ் ஏறாமல் பாதி மலையில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது எர்த். முதலில் ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ வயரைப் பிடுங்குங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் கோளாறு ஆம்பின் பவர் அல்லது எர்த் பக்கம். நின்றுவிட்டால் செட், வயர் பக்கம். அப்புறம் வயரை மாட்டிவிட்டு, செட்டின் இரும்புக் கூட்டிலிருந்து ஆம்பின் எர்த் முனைக்குத் தற்காலிகமாக ஒரு தடித்த வயர் இழுத்துப் பாருங்கள், கொய்ங் குறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆம்பின் எர்த் போல்ட்டைத் திறந்தால் பெரும்பாலும் காட்சி ஒன்றுதான்: பெயின்ட் மேலேயே முறுக்கிய லக் (வயர் நுனியில் இருக்கும் உலோக முனை), அடியில் பழுப்புத் துரு. மலை ஈரத்துக்கு இது சீக்கிரமே வரும். உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரிங் லக்கும் ஸ்டார் வாஷரும் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். வயர் ஒன்றரை அடிக்குள், பவர் வயரின் அதே தடிமனில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுப்பது சில கடைகளில் பழக்கம், வேண்டவே வேண்டாம், அது உயிர் காக்கிற போல்ட். செட்டின் எர்த்தையும் இதே போலப் பாருங்கள். ஸ்டீரியோ சாக்கெட்டில் வரும் மெல்லிய கறுப்பு வயரை நம்பி எத்தனையோ வண்டி ஓடுகிறது.

இதற்கு அரை நாள் ஆகும், சீட்டைத் தூக்க வேண்டும், கூலியும் ஐசொலேட்டர் விலையைவிடக் கூடுதல். ஆனாலும் பேஸில் ஒரு சொட்டு குறையாது. சீட்டைத் தூக்கியதே தூக்கினோம், பவர் வயர் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ இன்னொரு பக்கமும் போகும்படி மாற்றிவிடுங்கள். ஆம்பில் கெயின் முழுசாகத் திருகி இருந்தால் இறக்குங்கள், பாட்டோடு சேர்த்து இரைச்சலையும்தான் அது பெருக்குகிறது. தங்க முலாம் ஆர்.சி.ஏ வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

பென்டிரைவில் சுத்தமாக இருந்து எஃப்எம்மில் மட்டும் இரைந்தால் இந்த மூன்றுமே பெரிதாக உதவாது. கோடை பண்பலை 100.5 மலை மேலிருந்தே ஒலிபரப்பாகிறது, ஊருக்குள் சிக்னல் குறைவு என்று சாக்குச் சொல்ல முடியாது. ஏதோ ஒரு வளைவில் மட்டும் மங்கினால் அது மலை மறைப்பது. எல்லா இடத்திலும் சர்ரென்று இரைந்தால் டாஷ்கேம் சார்ஜரையும், பிற்பாடு வாங்கி மாட்டிய எல்.இ.டி ஹெட்லைட்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரைச்சல் எதை அணைக்கும்போது நிற்கிறதோ அதை மாற்றுங்கள், அல்லது அதன் வயரில் ஒரு ஃபெரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுங்கள். ஆன்டெனாவின் எர்த்தும் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.