மேரிக்கு அப்பா யார்? ஐந்து வருடச் சந்தாவின் கதை

"சம்பந்தி அம்மாவுக்குப் பிறந்தநாள் வருகிறது. முன்னோர்களைத் தேடிக் குடும்ப மரம் போடுகிற அந்த வம்சாவளி இணையதளத்தின் சந்தாவைப் பரிசாகத் தரலாமா? நீதான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறாயே" என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவள் மாப்பிள்ளையும் அமெரிக்கர். வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. டி.என்.ஏ. சோதனைக்கு டப்பாவில் எச்சில் துப்பி அனுப்புவது, சென்சஸ் தேடுவது எல்லாம் தெரிந்த சங்கதி என்பதால் அதற்குள்ளும் போகவில்லை.

என் கணவர் வீட்டார் மாசசூசெட்ஸ்காரர்கள். "எங்கள் ஆட்கள் மேஃப்ளவரில் வந்தவர்கள்" என்பதில் மாமியாருக்குக் கொள்ளைப் பெருமை. 1620இல் மேஃப்ளவர் என்ற கப்பலில் 102 பேராக இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற வந்து, முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேரைப் பறிகொடுத்த கூட்டம் அது. அதில் ஒரு பெயரைத் தொட்டுவிட்டால் இங்கே ஜமீன் பரம்பரை மாதிரி. நான் சந்தா கட்டிய முதல் வாரக் கடைசியிலேயே தளம் எங்களை ஜான் ஹவ்லேண்டிடம் கொண்டுபோய் விட்டது. நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, கப்பலிலிருந்து தொங்கிய பாய்க்கயிற்றைப் பற்றிக்கொண்டு பிழைத்த அதே ஹவ்லேண்ட். மாமியார் அன்றைக்கே பிரின்ட் எடுத்துச் சட்டம் போட்டு, ஹாலில் மாட்டிவிட்டார்.

அப்புறம் மேஃப்ளவர் சந்ததியார் சங்கத்தில் சேர வேண்டும் என்றார். அங்கே ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று கேட்பார்கள். அப்போதுதான் நான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். வயிறு கலங்கிவிட்டது.

கணவரின் முன்னோர் வரிசையில் மேரி என்று ஒருத்தி. 1642இல் தலைப்பிள்ளை பெற்றவள். அவளை ஹவ்லேண்டின் மகள் என்று போட்டு, பிறந்த வருடம் 1631 என்றும் போட்டிருந்தது. பத்து வயதில் தாலி, மன்னிக்கவும், மோதிரம்! அது போகட்டும். ஹவ்லேண்டுக்கும் அவர் மனைவி எலிசபெத் டில்லிக்கும் பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரின் பெயரும் தெரியும். அதில் மேரி கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் பதினோராவதாக ஒட்டவைத்திருக்கிறார்.

ஒட்டியவர்மேல்கூட எனக்குக் கோபமில்லை. இந்தத் தளம் தானாகவே காட்டும் 'ஹின்ட்' என்ற துப்பு மேல்தான் கோபம். ஒருவர் போட்டதை நானூறு பேர் நகலெடுக்கிறார்கள். தளம் அந்த நானூறையும் காட்டி, "உங்கள் மேரிக்கு அப்பா கிடைத்துவிட்டார்!" என்று மணி அடிக்கிறது. நிராகரித்தால் அடுத்த மாதம் வேறொருவரின் ட்ரீயிலிருந்து, அதாவது குடும்ப மரத்திலிருந்து, அதே அப்பா திரும்ப வருகிறார். ஐந்து வருடத்தில் அறுபது தடவையாவது ஹவ்லேண்டை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ட்ரீ வைத்திருக்கும் ஒருவருக்குப் பணிவாக எழுதிக் கேட்டேன். "எங்கள் அத்தை சொன்னார்" என்று பதில் வந்தது. வாடிக்கையாளர் சேவையோ, பயனர்கள் போடும் தகவலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றது. பொறுப்பில்லாத தகவலுக்கு எதற்கு மணி?

நியாயமாகப் பார்த்தால் இது இணையம் கொண்டுவந்த வியாதி இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே குஸ்டாவ் அஞ்சூ என்று ஒருவர், காசுள்ள அமெரிக்கர்களுக்கு அவர்கள் ஆசைப்பட்ட முன்னோர்களைத் தயாரித்துக் கொடுத்துப் பிழைத்தார். இவர்கள் அதை மாதச் சந்தாவில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

தேதிக் கூத்து தனி. 1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. போதாததற்கு இந்தப் பியூரிட்டன்கள், அதாவது அங்கே குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்கள், மாதப் பெயர்களை ஒதுக்கிவிட்டு எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் என்றால் மார்ச். மேரிக்குக் கல்யாணம் 1641, மூன்றாம் மாதம், அதாவது மே. பிள்ளை பிறந்தது அதே 1641இன் பன்னிரண்டாம் மாதம், அதாவது நம் கணக்கில் 1642 பிப்ரவரி. தளம் பன்னிரண்டை டிசம்பர் ஆக்கிவிட்டது. ஒன்பது மாதப் பிள்ளை ஏழு மாதப் பிள்ளையாகிவிட்டது. அந்தக் காலத்தில் கல்யாணமான ஏழாம் மாதம் பிள்ளை பிறந்தால் கோர்ட்டில் அபராதம்! முன்னூற்றெண்பது வருடம் கழித்து அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலை எனக்கு.

உறவுமுறைச் சொற்களும் அப்படியே. அன்றைய ஆங்கிலத்தில் 'மதர் இன் லா' என்றால் மாமியாராகவும் இருக்கலாம், அப்பா மறுமணம் செய்த சித்தியாகவும் இருக்கலாம். 'கசின்' அண்ணன் மகனாகக்கூட இருக்கலாம். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இதைப் படித்தால் தலை சுற்றும்.

கடைசியில் பாஸ்டனில் 1845 முதல் இருக்கும் நியூ இங்கிலாந்து வம்சாவளிச் சங்கத்துக்கே போனேன். 1620 முதல் 1635 வரை குடியேறியவர்களை ஒவ்வொருவராக அலசிய தடித்தடித் தொகுதிகள் அங்கே உண்டு. மேரியின் கணவர் 1635இல் வந்தவர். மேரிக்கு நேரே 'பிறந்த வீடு தெரியவில்லை' என்று ஒரே வரி. தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே எழுதியிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. (என் பக்கத்தில் தர்ப்பணத்துக்குச் சொல்லும் மூன்று தலைமுறைக்கு மேல் எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாசசூசெட்ஸின் எசெக்ஸ் கவுண்டி ஆவணங்களில் மேரியின் கணவர் எழுதிய உயிலின் ஸ்கேன் இதே தளத்தில்தான் கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க மூன்று இரவு ஆனது. மேரிக்கு வீட்டின் கிழக்கு அறை, ஒரு பசு, இறகு மெத்தை, பித்தளைக் கொப்பரை. அதோடு, உயிருள்ளவரை மூத்த மகன் வீட்டு அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொள்ளும் உரிமை, கிணற்றுக்குப் போய்வர வழி. மருமகள் அடுப்பைத் தொட விடமாட்டாள் என்று மனிதர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்! பின்னால் ஒரு ரசீதில் மேரி கையெழுத்துக்குப் பதில் கீறிய அடையாளம் இருக்கிறது. சாய்ந்த ஒரு 'எம்'. முதல் கால் அழுத்தமாக, கடைசிக் கால் மை வற்றிப்போய். அதை மட்டும் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, தோழிக்குப் பதில்: வாங்காதே. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் இலவசம். பழைய கையெழுத்து ஆவணங்களுக்குள்ளேயே சொல் தேடும் வசதி அங்கே 2024இல் வந்துவிட்டது. சம்பந்தி அம்மாவுக்கு நல்ல புடவையாக எடுத்துக் கொடு.

நான் நேற்றுத்தான் புதுப்பித்தேன். பாதி விலை என்று மெயில் வந்தது. மேரியின் அப்பா இன்னும் எந்த உயிலிலாவது ஒளிந்துகொண்டிருக்கலாம் அல்லவா?

மாமியார் மேஃப்ளவர் சங்கத்தில் சேரவில்லை. உயிலைப் படித்துக் காட்டியபோது அடுப்பு விஷயத்துக்கு மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஹாலில் மாட்டிய படம் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு நாள் அதைக் கழற்றி, மேரிக்கும் ஹவ்லேண்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். போன வாரம் போனபோது பார்த்தேன், ரப்பரால் சுத்தமாக அழித்திருந்தது.