தொழிலைப் பெரிதாக்கப் பணம்: லோனா, சிட்டியா, பங்காளியா, சொந்த லாபமா?

கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடும் ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு அடுப்பு, நான்கு ஆட்கள். ஓணத்துக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகள் கேட்கும் அளவுக்குச் சரக்குப் போட முடியவில்லை. சீவும் மெஷின், பேக்கிங் மெஷின் இரண்டுக்கும் 3 லட்சம், ஓணச் சரக்குக்குக் காயும் தேங்காய் எண்ணெயும் வாங்க 2 லட்சம், ஆக 5 லட்சம் வேண்டும்.

முதலாளி கிறிஸ்தவ விசுவாசி. சபையில் யோசனை கேட்டால் ஒருவர் ரோமர் 13:8-ஐக் காட்டி, யாருக்கும் கடன்படாதே என்பார். இன்னொருவர் மத்தேயு 25-ஐத் திறந்து, எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார். இருவர் கையிலும் வசனம் இருக்கிறது, கணக்கு இல்லை. லூக்கா 14:28-இல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். அங்கிருந்து தொடங்குவதே சரி.

வங்கிக் கடன்

மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். இவற்றுக்குச் சொத்து ஈடு வேண்டாம். வட்டி 11 சதவீதம் என்று வைத்தால், 5 லட்சத்துக்கு 36 மாதத் தவணை ஏறக்குறைய 16,370 ரூபாய். மூன்று வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 89,000.

வட்டியை விடத் தவணை கட்டும் நேரம்தான் தொல்லை. சிப்ஸ் பணம் ஓணத்திலும் கிறிஸ்துமஸிலும் வருகிறது, தவணையோ மாதாமாதம் போகிறது. மழை கொட்டும் கர்க்கடகத்தில் (ஆடியில்) விற்பனை படுத்துவிடும். ஆகவே 5 லட்சத்தையும் ஒரே டெர்ம் லோனாக (மாதத் தவணையில் அடைக்கும் கடனாக) வாங்க வேண்டாம். மெஷினுக்கு 3 லட்சம் டெர்ம் லோன் (தவணை 9,820 அளவில்), காய்க்கும் எண்ணெய்க்கும் 2 லட்சம் கேஷ் கிரெடிட் என்று பிரித்துக் கேளுங்கள். கேஷ் கிரெடிட் என்பது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்; அதில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கேஷ் கிரெடிட்டை எடுத்து மெஷின் வாங்கிவிடுகிறார்கள், காய் விலை உச்சத்தில் நிற்கும் ஓணத்துக்கு முந்தின வாரம் கையில் காசில்லை.

தாங்குமா என்று பார்க்க ஒரு வழி: வருடத்தின் மிக மோசமான மூன்று மாதங்களின் சராசரி லாபம், தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 9,820 தவணைக்கு 14,700. அது வரவில்லை என்றால் கடன் தொகையைக் குறையுங்கள், ஆண்டுகளை நீட்டாதீர்கள்.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கொடுப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவாகாது. கணக்குப் புத்தகத்தில் 40,000 லாபம் தெரியும். அதிலிருந்து அசலாக 7,500 வங்கிக்குப் போயிருக்கும், 4,000 காணிக்கை, மீதியில்தான் வீடு நடக்க வேண்டும். இதை முன்கூட்டி எழுதி வைக்காதவர்கள் நான்காம் மாதம் காணிக்கையை நிறுத்துகிறார்கள், அல்லது தவணையைத் தவறவிடுகிறார்கள். விற்பனைத் தொகையில் பத்தில் ஒன்று எடுப்பதும் தவறான கணக்கு. அதில் ஜி.எஸ்.டி. அரசாங்கத்துடையது, காய்க்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் போக வேண்டியதும் அதிலேயே இருக்கிறது.

சிட்டி

சிட்டி என்பது ஏலச்சீட்டுதான். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969 முதல் அதை நடத்துகிறது. இந்தப்பக்கம் தனியார் ஏலச்சீட்டு. சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம்.

50 பேர், மாதம் 10,000, மொத்தம் 5 லட்சம். பத்தாம் மாதம் ஏலத்தில் 25 சதவீதம் கழிவு தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 3,75,000. அதற்குள், மற்றவர்கள் தள்ளிய கழிவில் உங்கள் பங்கு போக, மாதம் 8,000 வீதம் 80,000 கட்டியிருப்பீர்கள். ஆக உண்மையில் வெளியிலிருந்து வந்த பணம் 2,95,000. மீதி 40 மாதம் சராசரி 9,000 கட்டினால் 3,60,000. மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவில் வட்டி, வங்கியோடு பெரிய வித்தியாசமில்லை. “சீட்டில் வட்டி இல்லை” என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளும் விசுவாசிகளுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். ஓணத்துக்கு முன் எடுத்தே ஆக வேண்டும் என்று ஏலத்தில் உட்கார்ந்தால் கழிவு இன்னும் ஏறும். சிட்டி கடைசி மாதங்களில் எடுப்பவருக்குச் சேமிப்பு, முதல் மாதங்களில் எடுப்பவருக்குக் கடன்.

அதிலும் எடுத்த பிறகு ஜாமீன் வேண்டும். மாதச் சம்பளக்காரர் கையெழுத்து, பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் சபையில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவர்.

வேதம் கடன் வாங்குவதைப் பற்றிப் பேசும் தொனியும் ஜாமீனைப் பற்றிப் பேசும் தொனியும் ஒன்றில்லை. கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகிறது. ஜாமீனுக்கு வரும்போது ஆறாம் அதிகாரம் ஐந்து வசனம் நின்று பேசுகிறது: தூங்காதே, போய் அவனை வருந்திக் கேள், வேடன் கையிலிருந்து குருவி தப்புவதுபோலத் தப்பித்துக்கொள். 22:27 இன்னும் வெளிப்படை, படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துப் போவார்கள் என்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவும் அதே கடுமைதான்: வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கினவனுக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்காரருக்கும் உண்டு. முதலில் கடன் வாங்கினவனைப் பிடித்துவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்றில்லை.

ரோமர் 13-ஐ மேற்கோள் காட்டி வங்கியைத் தவிர்த்துவிட்டு, சபைக்காரர் மூன்று பேரின் சம்பளச் சான்றிதழை வாங்கிச் சிட்டி எடுப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம். எங்கள் கணிப்பில் நான்கிலும் வேதத்துக்கு மிகத் தூரமானது அதுதான். விழுந்தால் உங்கள் ஆபத்து இன்னொரு வீட்டுச் சமையலறைக்குப் போகிறது. சிட்டி வேண்டுமென்றால் சொந்த நகை, வைப்புநிதி, சொந்தப் பத்திரம் வைத்து எடுங்கள். “போதகருக்குத் தெரிந்தவர் நடத்துகிறார்” என்ற சீட்டுக்குப் பதிவு எண் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு பதில் வேண்டாம்.

பங்காளி

வட்டி இல்லை, தவணை இல்லை, நஷ்டத்திலும் பங்கு. ஆனால் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, எழுத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் லாபம் சமபங்கு, அவர் ஒரு லட்சம் போட்டு நீங்கள் நாலு லட்சம் போட்டிருந்தாலும். அடுப்படியில் நாள் முழுக்க நிற்பவருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. அவர் கடைப்பேரில் வாங்கும் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. எல்.எல்.பி.யாக (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மையாக) பதிந்தால் இந்தப் பொறுப்புக்கு வரம்பு உண்டு, கணக்குத் தாக்கல் செய்யும் செலவு கூடும்.

ஆதியாகமம் 31-இல் லாபான் பத்து முறை சம்பளத்தை மாற்றினான் என்று யாக்கோபு புலம்புகிறான், அவன் சொந்த மாமனார். உறவும் ஒரே சபையும் பத்திரத்துக்கு ஈடாகாது. 2 நாளாகமம் 20-இல் யூதா ராஜா யோசபாத், பொல்லாதவனான இஸ்ரவேல் ராஜா அகசியாவோடு சேர்ந்து செய்த கப்பல்கள் எசியோன்கேபேரில் உடைந்தன, ஆளைத் தேர்ந்தெடுத்ததிலேயே தவறு. பத்திரத்தில் மூலதன விகிதம், மாதச் சம்பளம், பிரிந்தால் மெஷின் யாருக்கு, என்ன விலைக்கு என்ற வரிகள் கட்டாயம். ஆபிரகாமும் லோத்தும் பிரிந்த மாதிரி மரியாதையாகப் பிரிய அதுதான் வழி.

சொந்த லாபம்

மலிவானது, மெதுவானது. மாதம் 12,000 ஒதுக்கினால் 3 லட்சம் சேர 25 மாதம். இங்கே இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வீடு. முதலில் வயலை ஒழுங்காக்கு, பிறகு வீட்டைக் கட்டு என்கிறது நீதிமொழிகள் 24:27. நம் பக்கம் கடையில் வரும் லாபம் மாடிக்கும் டைல்ஸுக்கும் போகிறது. ஒதுக்கும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அதற்கு ஏ.டி.எம். அட்டை வாங்காமல் இருந்தால் நிற்கும்.

பிளேடு வட்டியை (கந்துவட்டியை) ஒப்பிடவே தேவையில்லை. நூற்றுக்கு மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம், சிப்ஸில் அவ்வளவு லாபம் கிடையாது.

இந்த யூனிட்டுக்கு எங்கள் தேர்வு கலவைதான்: சீவும் மெஷினைச் சேமிப்பில் இந்த வருடமே வாங்குவது, ஓணச் சரக்குக்கு 2 லட்சம் கேஷ் கிரெடிட், பேக்கிங் மெஷினை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது. ஓணம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும், அதனால் வங்கிக்கு ஏப்ரலிலேயே போய்விட வேண்டும். உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு), இரண்டு வருட வருமானவரிக் கணக்கு, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரம், போன ஓணத்தின் பில்கள் கையில் இருக்கட்டும். பில் போடாமல் ரொக்கத்தில் விற்றவருக்கு வங்கி கொடுக்கும் வரம்பு, அவர் உண்மையான விற்பனைக்குத் தகுந்தபடி இருக்காது.