மூக்குக்குக் கீழே ஒரு கசிவு: என் டைவிங் மாஸ்க்கோடு நான்கு வருடம்

என்னிடம் இருக்கும், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் டைவிங் மாஸ்க்கின் விலை இப்போது இறங்கியிருக்கிறதாம். "நீதான் நாலு வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டான். போன மாதம்தான் அதன் ஸ்ட்ராப் பக்கிள் உடைந்தது. பக்கிள் மட்டும் தனியாகக் கிடைக்காமல் முழு செட்டையும் வாங்கினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எனக்குக் கண்ணாடிப் பவர் மைனஸ் 5. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) நீமோ ரீஃப் என்ற இடத்தில் என் முதல் டைவ், வாடகை மாஸ்க்கோடு. இன்ஸ்ட்ரக்டர் கை காட்டிய பவளப்பாறை எல்லாம் எனக்குப் பழுப்பு மேடுகள்தான். தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எனக்கு மங்கலும் சேர்ந்தே பெரிதானது.

அடுத்த பயணத்துக்கு இந்தச் சொந்த மாஸ்க்கை வாங்கி, ரெடிமேட் பவர் லென்ஸ் போட்டுக்கொண்டேன். புது மாஸ்க்கில் ஆவி படியும் தொல்லை பற்பசை போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. லைட்ஹவுஸ் என்ற இடத்தில் இறங்கினோம். முதல் தடவையாகப் பவளத்தின் மேல்தோல் தெரிந்தது, அதில் புள்ளி புள்ளியாகக் குழிகள் தெரிந்தன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போனதைப் படித்திருக்கிறேன். இங்கே பாசி மூடிய செத்த கிளை எது, உயிருள்ள கிளை எது என்று நானே பிரித்துப் பார்த்தேன். ஒரு செத்த கிளைமேல் நகத்தளவில் புதுப் பவளம் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்திலேயே ரொம்ப நேரம் மிதந்துகொண்டிருந்தேன். இந்த மாஸ்க் இல்லையென்றால் அது எனக்கு இல்லை.

சரி, இப்போது கசிவு. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சிலிக்கான் ஓரம் தோலோடு ஒட்ட வேண்டும். மீசை முடி நடுவில் வந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும். ஆழத்தில் அழுத்தம் கூடினால் மாஸ்க் இறுகிக் கசிவு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஸ்ட்ராப்பை இறுக்கினேன், கன்னத்தில் தழும்புதான் மிச்சம். பக்கிள் உடைந்ததற்கும் அந்த இறுக்கல்தான் காரணமாக இருக்கும். கடைசியில் மூக்கடியில் ஒரு விரல் அகலத்துக்கு மீசையை மழித்தேன். பாதி சரியானது.

மீதிப் பாதிக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. சிரித்தால் கன்னம் மடிகிறது, ஓரம் விலகுகிறது. கடல் சாமந்திக்குள்ளிருந்து கோமாளி மீன் என்னை விரட்ட வந்தது, சிரித்தேன், உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. ஆமை ஒன்று நிதானமாகப் பக்கத்தில் வந்தபோதும் அதேதான். மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பார்த்தால் ஆமை போய்விட்டது. அந்த ஆமையை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆகவே வாங்காதே. உனக்குப் பவர் மைனஸ் ஒன்றரைதான், வாடகை மாஸ்க்கே போதும். மீசையும் என்னுடையதைவிட அடர்த்தி. அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், கடையில் ஸ்ட்ராப் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழு. கையை எடுத்தாலும் விழாமல் நின்றால், அப்புறம் ஒரு தடவை நன்றாகச் சிரித்துப் பார்.